அடுப்பை அணைத்தோம், பாட்டரியை மறந்தோம்

ஊருக்குச் சென்று சில நாள் தங்கிவிட்டுப் பிழைக்கும் இடத்துக்குத் திரும்பும் நாளில், நம்மவர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சடங்கு நடப்பதுண்டு. எரிவாயு உருளையின் திருகு இறுக்கமாக இருக்கிறதா, கிணற்று மோட்டாரின் விசை தாழ்ந்திருக்கிறதா, பூசை அறை விளக்கு அருகே திரைச்சீலை தொங்குகிறதா என்றெல்லாம் பார்த்து, வீட்டில் தனியே இருக்கப்போகும் முதியவருக்கு நூறு முறை எச்சரிக்கை சொல்லிவிட்டே படியிறங்குகிறோம். நாங்களும் அவ்வாறே செய்துவந்தோம். ஆயினும் ஒன்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு முறையும், ஒரு பொருளை மட்டும் மறந்தே புறப்பட்டோம். அம்மறதியின் விலை எவ்வளவாக இருந்திருக்கும் என்பதை ஓர் இரவு எங்களுக்குக் காட்டியது. அதனைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதி இதனை எழுதுகிறோம்.

எங்கள் பூர்வீக வீடு நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளைக்குப் போகும் வழியில் உள்ளது. சற்று நடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபொழுது நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஆகவே எங்கள் அன்னையார் பிறந்த குழித்துறை வீடு ஒரு மாநிலத்திலும், வாழ்க்கைப்பட்ட வீடு மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டையில் இரண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். எல்லைக்கோடு வரைபடத்தில் இருந்ததேயன்றி, உறவிலும் கொள்வினை கொடுப்பினையிலும் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த இரு வீடுகளையும் இணைத்த பாலம் எங்கள் தந்தையாரின் அம்பாசிடர் கார். 1971ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்டது, 'மார்க் 2' என்னும் வகையைச் சேர்ந்தது, திருவனந்தபுரத்துக்குரிய 'கே.எல்.டி.' எழுத்துகளை இன்றும் நெற்றியில் தாங்கி நிற்பது. ரப்பர் வாணிகம் செய்த தந்தையார் அதனை வாணிகத்துக்கு ஓட்டியதைவிட ஊருக்கு ஓட்டியதே அதிகம். நள்ளிரவில் பேறுகால வலி கண்ட பெண்களை நெய்யாற்றின்கரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது அது. மணமக்களைச் சுமந்தது, சில வேளை சவங்களையும் சுமந்தது. அதன் பின்னிருக்கையில் பிறந்தவர் ஒருவர் இன்று பேரப்பிள்ளை கண்டிருக்கிறார். 2014ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் மேற்கு வங்காளத்து உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. அதன்பின் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் வண்டி ஓய்வெடுத்தது. ஆண்டுக்கு இரு முறை நாங்கள் ஊர் செல்லும்போது மட்டும் வெளியே வரும்.

தந்தையாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரவு வண்டியைச் சாய்ப்பில் நிறுத்தியதும் பானெட்டைத் தூக்கி, கயிற்றில் கட்டித் தூணில் தொங்கவிட்டிருந்த ஒரு சிறு ஸ்பேனரால் பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றி ஒதுக்கி வைப்பார். காலையில் மீண்டும் மாட்டுவார். மழையானாலும் காய்ச்சலானாலும் இது தவறாது. "வண்டியும் தூங்க வேண்டாமா?" என்பார். நாங்கள் சிறுவர்களாய் இருந்தபோது அதனை அவருடைய சிக்கனத்தின் அடையாளம் என்று எண்ணிச் சிரித்ததுண்டு. அவர் மறைந்த மறு ஆண்டு, கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க அந்த ஸ்பேனரை எடுத்தோம், திரும்ப மாட்டவில்லை. அது எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவுமில்லை.

அதன்பின் நடந்ததைச் சொல்ல நாணமாக உள்ளது. ஒவ்வொரு முறையும் ஊர் சென்றதும் பாட்டரி செத்துக் கிடக்கும். பாட்டரியைப் பழிப்போம், சார்ஜ் ஏற்றுவோம், அல்லது புதியது வாங்குவோம். திரும்பும்போது மாட்டியபடியே விட்டுப் போவோம். வண்டியில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதை அது எங்களுக்கு அறிவித்துக்கொண்டே இருந்தது; நாங்கள் கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விடுமுறைக்குச் சென்றபோதும் புதிய பாட்டரி ஒன்றை வாங்கி மாட்டினோம். ஒரு மாலை குழித்துறையில் மாமா வீட்டுக்குப் போய் வந்து வண்டியைச் சாய்ப்பில் நிறுத்தினோம். சாவியை எடுத்தாயிற்று, விளக்குகள் அணைந்துவிட்டன, கதவுகள் பூட்டியாயிற்று. உணவு முடித்துப் படுத்தோம். சாய்ப்பின் சுவரை ஒட்டிய அறையே அன்னையார் உறங்கும் அறை. அப்போது அவருக்கு வயது 76.

இரவு பத்தரை மணியளவில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. எங்களில் எவரும் அசையவில்லை. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஊரில் அந்த வாசனை காற்றோடு கலந்தது. அது வராத நாள்தான் வியப்புக்குரியது. அன்னையார்தாம் எழுந்து உட்கார்ந்தார். "இது ஷீட்டுப் புகை இல்லை, மக்களே, இது வேறே ஏதோ வேகுது," என்றார். ஐம்பது ஆண்டுகளாக அப்புகையோடு வாழ்ந்த மூக்கு அது.

சாய்ப்பைத் திறந்தால் வண்டியின் முன்பகுதி புகையால் மூடியிருந்தது. அங்கே வேறு என்னென்ன இருந்தன என்பதையும் சொல்லவேண்டும்: காய்ந்த தென்னை மட்டைகள், ஓலைக்கட்டு, சுவரோரம் அடுக்கிய ரப்பர் ஷீட்டுகள், வண்டியின் தொட்டியில் பாதியளவு பெட்ரோல். பானெட்டைத் தூக்கியதும் கம்பிகளின் மேலுறை உருகிச் சொட்டுவதைக் கண்டோம். பாட்டரியைக் கழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கழற்றுவதற்குக் கருவி எங்கே? நான்கு நாள் முன்பு கடைக்காரர் இறுக்கிய திருகு கைக்கு அசையவில்லை. குறடு வழுக்கிற்று. எங்களுள் மூத்தவர் வெட்டுக்கத்தியை எடுத்துவந்து, பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கம்பியை வெட்டிவிட ஓங்கினார்.

"மக்களே, அதிலே வைக்காதே! கத்தி பாடியில் முட்டினால் தீ கொட்டும். இங்கே வெட்டு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு ஆசான் வந்து நின்றார். முப்பது ஆண்டு லாரி ஓட்டி ஓய்ந்தவர். எந்திரம் அறிந்தவரை எங்கள் பக்கத்தில் ஆசான் என்றே அழைப்பது. அவர் கத்தியை வாங்கி, பாட்டரியின் மறுமுனையிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் பின்னல் பட்டையை இரண்டே வெட்டில் அறுத்தார். ஒரு பொறி தெறித்தது. அவ்வளவுதான், கம்பிகளின் சீறல் நின்றுவிட்டது. கனன்றுகொண்டிருந்த மேலுறைகளின் மீது நனைத்த சாக்கைப் போட்டு அமர்த்தினோம். பெண்கள் அதற்குள் ரப்பர் ஷீட்டுகளை முற்றத்துக்கு இழுத்துவிட்டிருந்தனர்.

அன்றிரவு எவரும் உறங்கவில்லை. எங்கள் வழக்கம் யாதெனில், புறப்படும் நாளன்று அதே வண்டியில் ரயில் நிலையத்துக்குப் போவோம். உறவினர் ஒருவர் அதனைத் திரும்பக் கொண்டுவந்து சாய்ப்பில் நிறுத்திவிட்டுத் தம் வீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் புறப்பட இருந்தது அடுத்த இரண்டாம் நாள். இந்நிகழ்ச்சி அன்று நடந்திருந்தால், நாங்கள் ரயிலில் உறங்கியிருப்போம். அன்னையார் அச்சுவருக்கு அப்பால் தனியே உறங்கியிருப்பார். இதனை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அதையே எண்ணிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் ஆசான் வண்டியை ஆராய்ந்து காரணத்தைக் கண்டு சொன்னார். பழைய வண்டிகளில் மின்சாரம் உண்டாக்குவது டைனமோ. எஞ்சின் வேகமாக ஓடும்போது டைனமோ பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும். எஞ்சின் நின்றதும் பாட்டரியிலுள்ள மின்சாரம் டைனமோவுக்குள் பின்னோக்கிப் பாய்ந்துவிடாதபடி தடுக்க, 'கட்-அவுட்' என்னும் சிறு மின்காந்தக் கதவு ஒன்று உண்டு. எங்கள் வண்டியில் அக்கதவின் முனைகள் ஆண்டுக்கணக்கில் பொறி பட்டுப் பட்டுக் குழிந்திருந்தன. அன்று மாலை அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எஞ்சின் நின்ற பின்னும் கதவு திறக்கவில்லை. புதிய பாட்டரியின் முழு வலிமையும் நின்றுபோன டைனமோவுக்குள் பாய்ந்தது. இடையிலுள்ள கம்பிகள் அடுப்புக் கம்பிகளாயின. பழைய பாட்டரியாய் இருந்திருந்தால் சற்று நேரத்தில் செத்திருக்கும். நாங்கள் நல்லதென்று வாங்கிய புதுமையே தீங்கானது.

"சாவியை எடுத்துவிட்டோமே!" என்று நாங்கள் கேட்டோம். எங்களைப் போலவே பலரும் எண்ணுவர். சாவி எஞ்சினின் பற்றவைப்பையும் அதனோடு சேர்ந்த சிலவற்றையும் மட்டுமே நிறுத்துகிறது. பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கும், அங்கிருந்து டைனமோவின் பெட்டிக்கும், சாவிக்கும், விளக்கு விசைக்கும் வந்து நிற்கும் கம்பிகளில் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் எப்பொழுதும் காத்து நிற்கிறது. பழைய ஆங்கிலேய முறைக் கம்பியமைப்பில் இக்கம்பிகள் பழுப்பு நிறம் உடையவை. அவற்றுக்குப் பியூஸ் கிடையாது. எங்கள் வண்டி முழுமைக்கும் இருந்த பியூஸ்கள் இரண்டே. ஹாரன் போன்ற சிலவற்றை அவை காக்கும். தடித்த கம்பிகளைக் காப்பார் எவருமில்லை.

மற்றொரு மயக்கமும் நம்மிடம் உண்டு. "பன்னிரண்டு வோல்ட்டுதானே, கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாதே," என்கிறோம். உடலுக்கு அதிர்ச்சி தருவது வோல்ட்டின் உயர்வு. கம்பியைப் பழுக்கவைப்பது ஆம்பியரின் பெருக்கு. கார் பாட்டரியின் உள்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதன் இரு முனைகளும் குறுக்கே இணைந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். நம் வீட்டு மெயின் பியூஸ் தாங்குவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அச்சம் விளங்கும். 60 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரி ஒன்றில் அடங்கியுள்ள ஆற்றல், எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு வெப்பமும் ஒரு விரல் நீளக் கம்பியில் சில நிமிடத்தில் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

பழைய வண்டிகளில் இவ்வாபத்து கூடுதலாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அக்காலத்துக் கம்பிகளின் ரப்பர் உறையும் நூல் உறையும் முதுமையில் காய்ந்து வெடிக்கும். நம் பக்கத்து ஈரக்காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பூக்கும். களிம்பு பூத்த இணைப்பு சூடேறும். நெடுநாள் ஓடாத வண்டியில் எலி குடிபுகும், கம்பியைக் கடித்துக் கூடு கட்டப் பஞ்சும் கொண்டுவரும், அப்பஞ்சே திரியாகும். இவற்றோடு இப்பொழுது பெட்ரோலின் இயல்பும் மாறியிருக்கிறது. 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பங்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் அடைப்பான்களும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. அவை இளகியும் வெடித்தும் கசியக்கூடும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய சாய்ப்பில் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு பொறிக்கு அது காத்திருக்கும்.

அன்று மாலை சகோதரர்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. மூத்தவர், "நாளைக்கே இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம். அப்பா நினைவு வேண்டுமானால் படம் இருக்கிறது, அம்மாவின் உயிர் ஒன்றுதான்," என்றார். வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசியில் பேசிய இளையவர், "விற்காதீர்கள். விண்டேஜ் பதிவு செய்யப்போகிறேன். ஆனால் வண்டியில் ஒரு துளையும் போடக்கூடாது, ஒரு கம்பியும் மாற்றக்கூடாது, பழமை கெட்டுவிடும்," என்றார். ஒருவர் வண்டியையே துறக்கச் சொன்னார். மற்றவர் வண்டியைத் தொடவே கூடாது என்றார். இருவருமே அதன் அருகில் உறங்குபவர் அல்லர். அன்னையார் இதனைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் எல்லோரும் போய்விடுவீர்கள். இது என்னோடு இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் ராத்திரி இதை நான் எப்படி அணைப்பது என்று மட்டும் சொல்லித் தாருங்கள்," என்றார்.

அக்கேள்விக்கு விடை ஆசானிடம் இருந்தது. அவர் ஓட்டிய லாரிகளில் பாட்டரிப் பெட்டியின் அருகே ஒரு கைப்பிடி இருக்கும். இரவில் வண்டியை நிறுத்தினால் அதனைத் திருப்பிவிடுவார். பாட்டரிக்கும் வண்டிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகளில் இத்தகைய விசை பாட்டரியின் அருகிலேயே இருக்கவேண்டும் என்று நம் நாட்டுப் பெட்ரோலிய விதிகளே கட்டளையிடுகின்றன. கார்ப் பந்தயங்களில் ஓடும் வண்டிகளிலும் இது கட்டாயம். வெண்கரையிட்ட நீல முக்கோணத்துள் சிவப்பு மின்னல் வரைந்த அடையாளத்தைப் பந்தய வண்டிகளின் வெளிப்புறத்தில் காணலாம். வண்டி கவிழ்ந்தாலும் உதவிக்கு ஓடி வருபவர் விசை எங்கே என்று தேடக்கூடாது என்பதற்காக அமைந்தது அது. மேனாடுகளில் பழைய கார் வைத்திருப்போர் பலரும் இதனை விரும்பிப் பொருத்துகின்றனர். வீட்டுக்கு மெயின் சுவிட்சு எப்படியோ அப்படியே வண்டிக்கு இது. தந்தையார் ஸ்பேனரால் செய்துவந்ததும் இதுவே. அவருடைய "தூக்கம்" சிக்கனம் அன்று, காவல் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இளையவரின் கவலைக்கும் விடை கிடைத்தது. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவு ஆகி 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வண்டிகள் என வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் வரும். அவ்வண்டி கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் தெருவில் வரலாமேயன்றி, அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகாது. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருத்தல் கூடாது என்பதே விதியின் கருத்து. பாட்டரி முனையின் மீது பொருந்தும் விசைக்குத் துளை எதுவும் தேவையில்லை. வேண்டாதபோது கழற்றிவிட்டால் வண்டி பழைய வண்டியே. இதனைக் கேட்டபின் இளையவர் மறுப்புச் சொல்லவில்லை.

விசைகள் பலவகை. பாட்டரி முனையின் மேலேயே அமர்ந்து, ஒரு குமிழைத் தளர்த்தினால் தொடர்பு விடுவது ஒன்று; கத்தி போன்ற தகட்டைத் தூக்கினால் விடுவது மற்றொன்று; தனியே ஓரிடத்தில் பொருத்தி, சிவப்புச் சாவியைத் திருப்பிக் கையோடு எடுத்துக்கொள்வது வேறொன்று. நாங்கள் தேர்ந்தது மூன்றாவது வகை. பாட்டரியைத் தாங்கும் தட்டின் திருகிலேயே ஒரு சிறு இரும்புப் பட்டையைப் பிணைத்து அதில் பொருத்தினோம், துளை போடவில்லை. விலை சில நூறு ரூபாய். எரிந்த கம்பிகளை மாற்றிக் கட்டுவதற்கு ஆன செலவோ அதனைப்போல் பன்மடங்கு.

பொருத்தும்போது ஆசான் சொன்னவற்றை வரிசையாகத் தருகிறோம். முதலாவது, விசையை வண்டியின் உடலோடு பிணைந்த முனையின் பக்கமே வைக்கவேண்டும். அப்பக்கத்தில் ஸ்பேனர் தவறி உடலில் பட்டாலும் பொறி எழாது. மறுபக்கத்தில் பட்டால் அதுவே விபத்து. இக்கால வண்டிகளில் எதிர்முனை உடலோடு பிணைந்திருக்கும். பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றிலோ நேர்முனை பிணைந்திருக்கும். ஆகவே நிறத்தையோ வழக்கத்தையோ நம்பாமல், கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தே செய்க. இரண்டாவது, ஸ்டார்ட்டர் சுழலும்போது நூறு ஆம்பியருக்கு மேல், சில வேளை அதனினும் பன்மடங்கு இழுக்கும். அதனைத் தாங்கும் தடிப்பான விசையையும் தடித்த கம்பியையுமே வாங்கவேண்டும். மலிவான மெல்லிய விசை தானே சூடேறி உருகும். தீயைத் தடுக்க வைத்தது தீக்கு வழியாகும். மூன்றாவது, இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்துத் துலக்கி, இறுக்கி, மேலே கிரீசு தடவவேண்டும். நான்காவது, பாட்டரி தட்டில் ஆடாதபடி பட்டையால் கட்டப்பட்டிருக்கவேண்டும். ஆடும் பாட்டரியின் முனை பானெட்டில் முட்டினால் எந்த விசையும் காப்பாற்றாது. வேலை தொடங்குமுன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைக்கவேண்டும்.

பயன்படுத்துவதிலும் ஒரு நெறி உண்டு. எஞ்சின் ஓடும்போது இதனைத் திருப்பலாகாது. பாட்டரி என்னும் சுமைதாங்கி திடீரென்று விலகினால் டைனமோவின் அல்லது ஆல்டர்னேட்டரின் அழுத்தம் எகிறி விளக்குகளையும் மின் உறுப்புகளையும் கெடுத்துவிடும். பந்தய வண்டிகளின் விசையில் இதற்கென்று தனி அமைப்பு உண்டு, நம்முடையதில் இல்லை. எஞ்சினை நிறுத்து, சாவியை எடு, பிறகு விசையைத் திருப்பு என்பதே முறை. இன்னொன்று: கணிப்பொறி உறுப்புகள் நிறைந்த இக்காலக் கார்களில் இவ்விசையைத் தாமே பொருத்துவது நன்றன்று. அவற்றின் பூட்டு, நினைவு, எச்சரிக்கை எல்லாம் பாட்டரியை நம்பியிருப்பவை. தயாரிப்பாளரின் உத்தரவாதமும் போகக்கூடும். அத்தகைய வண்டியை மாதக்கணக்கில் விட்டுச் செல்வோர், அறிந்தவரைக் கேட்டே செய்வாராக.

விசை எல்லாவற்றையும் காக்கும் என்று எண்ணுவதும் பிழை. ஓடும் வண்டியில் எழும் தீயையும், கசியும் பெட்ரோலையும் அது தடுக்காது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கண்ணூரில், மகப்பேற்றுக்காக மருத்துவமனைக்குச் சென்ற கார் அதன் வாயிலுக்கு அருகிலேயே தீப்பிடித்து, முன்னிருக்கையில் இருந்த கணவனும் மனைவியும் மாண்ட செய்தியைக் கேட்டுக் கேரளம் முழுதும் கலங்கிற்று. பின்னிருக்கையில் இருந்தவர்கள் உயிர் தப்பினர். அதன்பின் எங்கள் ஊரிலும் சில நாள் எல்லோரும் வண்டிக் கம்பிகளைப் பற்றியே பேசினர். நாங்களும் பேசினோம், பேசிவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில், எங்கள் வண்டியின் பானெட்டுக்குள் ஒரு முறையும் உற்றுப் பாராமல் புதிய பாட்டரியை மாட்டினோம். பிறர் வீட்டுத் தீயைப் பற்றிப் பேசுவது எளிது.

ஆதலால் விசையோடு வேறு சிலவும் செய்தோம். சாய்ப்பிலிருந்து மட்டையும் ஓலையும் ரப்பர் ஷீட்டுகளும் வெளியேறின. பெட்ரோல் குழாய்கள் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றப்பட்டன. கட்-அவுட் பெட்டியும் எரிந்த கம்பிகளும் புதியவை. பாட்டரியை ஒட்டித் தடித்த கம்பிக்கும் ஒரு பியூஸ் சேர்த்தோம். உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று சாய்ப்பின் கதவுக்கு வெளியே தொங்குகிறது. உள்ளே வைத்தால் தீக்குள் கை நீட்டி எடுக்க வேண்டியிருக்கும். தீயணைப்புப் படையின் 101 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் அன்னையாரின் கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டினோம். புகை மிகுந்தால் எதையும் காப்பாற்ற முயலாமல் வெளியேறிவிடவேண்டும் என்றும் அவரிடம் உறுதி பெற்றோம்.

தூணில் மீண்டும் ஒரு ஸ்பேனர் கயிற்றில் தொங்குகிறது. அதனை எவரும் எடுக்கலாகாது என்பது இப்போது வீட்டு விதி.

அன்னையாருக்கு விசையைத் திருப்பக் கற்றுக்கொடுத்தது அரைமணி வேலை. முதல் நாள் பானெட்டைத் தூக்க அவருக்கு வலுப் போதவில்லை. ஆசான் அதன் கொக்கியைச் சரிசெய்து கொடுத்தார். இரண்டாம் நாள் அவரே திருப்பினார். சிவப்புச் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? உங்கள் அப்பா இதற்காகத் தினமும் அரைமணி நேரம் குனிந்து நின்றாரே!" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் சற்று நேரம் வண்டியின் அருகிலேயே நின்றிருந்தார். இப்போது அச்சாவி அலமாரிச் சாவிகளோடு அவருடைய இடுப்பில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஆசான் வந்து கேட்டால் கொடுப்பார். எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சாவியைத் திருப்பித் தந்தால்தான் அவருக்குக் காப்பி கிடைக்கும். கடந்த இரு பயணங்களிலும் பாட்டரி செத்திருக்கவில்லை.

அன்பர்களே, புலம்பெயர்ந்து வாழும் நாம் ஊரில் விட்டுவைத்திருப்பவை பல. தந்தையின் கார், தாத்தாவின் மோட்டார் சைக்கிள், ஓடாத ஜெனரேட்டர், எவரும் பார்க்காத இன்வர்ட்டர் என வீடுதோறும் ஏதேனும் ஒன்று உண்டு. அவற்றின்மேல் நமக்குள்ள அன்பு உண்மையானது. ஆயினும் அன்பு நம்மிடத்தும், ஆபத்து அங்கே தனியே இருப்பவரிடத்தும் ஆகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நினைவுப்பொருளை வைத்திருக்க விரும்புபவர், அதனைக் காவல் செய்பவரின் உறக்கத்துக்கும் பொறுப்பாவர்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, இனிப்புப் பொட்டலத்தோடு பையில் ஒரு துண்டிப்பு விசையையும் வைத்துக்கொள்ளுங்கள். அறிந்த எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு பொருத்துங்கள். வீட்டில் இருப்பவர் கையாலேயே ஒருமுறை திருப்பச் சொல்லிப் பாருங்கள். பிறகு அடுப்பைப் பாருங்கள், விளக்கைப் பாருங்கள், நிம்மதியாகப் புறப்படுங்கள்.